கப்பலேறிய பெட்டி

ஒரு புறம் கடலும் மறு புறம் வாவியும் சூழ்ந்திருக்க, நடுவே நாடாவைப்போல் நீண்டு கிடக்கும் நிலத்தில் வாழ்கின்றவர்கள் நாம். மட்டக்களப்பு வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வைத்திருப்போருக்கு நீரைக் கடவாமல் ஒரு நாளும் கழிவதில்லை. ஆயினும், பெருங்கப்பலில் ஏறிப் பயணம் செய்தவர்களை எமது ஊர்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கப்பல்கள் எமது கரைக்குப் புதியனவல்ல. ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602-ஆம் ஆண்டிலேயே இக்கரைக்கு வந்து, இங்கிருந்து கண்டி மன்னனைக் காணச் சென்றான் என்பது சரித்திரம். ஆனால் வந்த கப்பல்களெல்லாம் கடலிலேயே நின்றன. முகத்துவாரத்து மணற்றிடலைத் தாண்டி உள்ளே வந்தவை தோணிகளும் வள்ளங்களுமே. 1913-இல் கட்டப்பட்ட வெளிச்சவீடும் அந்த வாயிலைத் தூரத்திலிருந்து காட்டுவதற்காகவே எழுந்தது.

முன்னாளில் இந்தியா செல்ல விரும்பிய எம்மவர் புகையிரதத்தில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறுவர். 1914-இல் தொடங்கிய அந்த மார்க்கம், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தபோது அறுந்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980-களில் போர்ச் சூழலில் நின்றுபோயிற்று. அதன்பின் ஒரு தலைமுறை முழுவதும் கப்பல் என்பதை ஓவியத்திலும் திரைப்படத்திலும் மாத்திரமே கண்டு வளர்ந்தது. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்து போனதும், அதே ஆண்டு ஒக்டோபர் 14-ஆம் தேதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியதும் மறந்துபோன அந்த ஆசையை மீண்டும் கிளறிவிட்டன. நாகை மார்க்கம் சில தினங்களிலேயே நின்று 2024 ஆகஸ்டில் மறுபடியும் தொடங்கியது வேறு கதை. ஆசை மட்டும் நிற்கவில்லை.

இன்று எமது நகரத்துப் பிரயாண முகவர் நிலையங்களிற் பலவற்றின் கண்ணாடிக் கதவுகளில் வெண்ணிறக் கப்பலின் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. “நான்கு நாள், மூன்று இரவு, சகல உணவும் அடக்கம்” என்ற வாசகமும் உண்டு. பரீட்சை முடித்த பிள்ளைகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், வெளிநாட்டு மக்கள் பணம் அனுப்பிய பெற்றோரும் அவற்றின் முன் நின்று பார்க்கின்றனர். அத்தகைய குடும்பங்கள் பயணச் சீட்டு வாங்குமுன் அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் எமது அனுபவத்தில் கிடைத்தன. அவற்றை இங்கு எழுதுகிறோம். முறைப்பாடு இன்னும் முடிவடையாமையால் கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் தவிர்த்துள்ளோம்.

சென்ற ஆண்டு நாம் நால்வர் கட்டுநாயக்காவிலிருந்து விமானமேறி, சிங்கப்பூரில் ஒரு கப்பலை அடைந்தோம். எம்முடன் வந்தவர்களுள் மூத்தவர் எமது பெரியம்மா. எழுபத்தாறு வயது. அவருடைய கணவர், அதாவது எமது பெரியப்பா, கல்லடியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து காலமானவர். பூகோள பாடம் படிப்பிக்கும்போது கரும்பலகையில் ஒரே மூச்சில் உலகப் படத்தை வரைந்துவிடுவார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்வதுண்டு. கப்பலில் ஒரு தடவை போகவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்து, போகாமலே போய்விட்டார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை கல்லடி வீட்டைக் கழுவிச் சென்றபோது, அவருடைய புகைப்படங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பழைய மாணவர்கள் அதனை வெள்ளிச் சட்டத்தில் பொருத்திப் பெரியம்மாவுக்குக் கொடுத்திருந்தனர். அந்தப் படத்தைப் பெரியம்மா பயணத்துக்கு எடுத்துவந்தார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. இரவில் கப்பலின் வட்டச் சாளரத்தின் ஓரத்தில் அதனை நிறுத்தி வைத்தபோது, கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நியாயத்தைச் சொல்லவேண்டும். கப்பல் அழகானது, படுக்கைகள் சுத்தமானவை, கடலும் அமைதியாகவே இருந்தது. சாப்பாட்டு மண்டபத்தில் உலகத்து உணவுகளெல்லாம் இருந்தன, சோறும் இருந்தது. அந்தச் சோற்றுக்கு ஏற்ற குழம்புதான் எங்கும் அகப்படவில்லை. பெரியம்மா மூன்று நாளும் பாணும் வாழைப்பழமும் தின்று காலம் கழித்தார். இதை ஒரு குறையாக நாம் எழுதவரவில்லை. மாங்காய்ச் சம்பலைத் தேடி யாரும் நடுக்கடலுக்குப் போவதில்லை.

காரியம் கெட்டது கடைசி இரவில். பெருங்கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாட் காலையில் ஆயிரக்கணக்கான பயணிகள் ஒரே வேளையில் இறங்கவேண்டியிருப்பதால், அவரவர் பெட்டிகளை முதல் நாள் இரவே அறை வாசலுக்கு வெளியே வைத்துவிடும்படி அறிவித்தல் வரும். பெட்டியில் நிறமும் எண்ணும் கொண்ட ஓர் அடையாளச் சீட்டைக் கட்டவேண்டும். நள்ளிரவில் சிப்பந்திகள் அவற்றைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுசெல்வர். காலையில் துறைமுக மண்டபத்தில், நிறவாரியாக அடுக்கப்பட்ட குவியலுக்குள் அவரவர் தமது பெட்டியைத் தேடி எடுத்துக்கொள்ளவேண்டும். பெட்டியைக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டு இல்லை. எடுக்கும்போது சரிபார்ப்பாரும் இல்லை. ஒருவருடைய பெட்டியை மற்றொருவர் தூக்கிச் சென்றாலும் வாயிலில் கேட்பாரில்லை. ஒரு மூடை நெல்லைச் சங்கக் கடையில் ஒப்படைத்தாலும் துண்டு தருகின்ற நாட்டிலிருந்து போன எமக்கு இது பெரும் வியப்பாக இருந்தது.

சட்டம் மடங்காதிருக்கவேண்டும் என்று பெரியம்மா இரண்டு மருதமுனைக் கைத்தறிச் சேலைகளுக்கு நடுவே படத்தை வைத்துப் பெட்டியைப் பூட்டினார். காலையில் மூன்று பெட்டிகள் மண்டபத்தில் இருந்தன, நான்காவது இல்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பின்னர், மண்டபம் வெறுமையாகும் தருணத்தில், ஒரு சிப்பந்தி அதனைத் தனியே உருட்டிக்கொண்டு வந்தார். பூட்டுத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன் அருகே இழுவைப் பற்கள் பிரிக்கப்பட்டிருந்தன. உள்ளே சேலைகள் கலைந்து கிடந்தன. பிள்ளைகளுக்கு வாங்கிய ஒரு கைக்கடிகாரமும், வெள்ளிச் சட்டமும் இல்லை. திருடியவனுக்குத் தேவைப்பட்டது வெள்ளிதான் என்பதில் ஐயமில்லை. படம் அதனோடு ஒட்டிப் போய்விட்டது.

இனித்தான் உண்மையான பயணம் தொடங்கியது எனலாம். மண்டபத்தில் நின்ற சீருடைப் பெண், கப்பலின் உள்ளே இருக்கும் விருந்தினர் சேவை மேசையில் முறையிடும்படி கூறினாள். கப்பலினுள் மீண்டும் ஏறுவதற்கோ அனுமதி இல்லை. எமது அட்டைகள் இறங்கும்போதே முடிவடைந்துவிட்டன. தொலைபேசியில் பேசச் சொன்னார்கள். தொலைபேசியில் இசை வந்தது. நெடுநேரம் இசையே வந்தது. இறுதியில் பேசிய ஒருவர், கரையில் நடந்த இழப்புக்குத் துறைமுகத்தாரே பொறுப்பு என்றார். துறைமுகத்து அலுவலரோ, பெட்டி கப்பற் சிப்பந்திகளின் கையில் இருந்தபோது நடந்தது கப்பலைச் சேர்ந்தது என்றார். பொலிசில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டோம். கப்பல் வேறொரு நாட்டின் கொடியின் கீழ் ஓடுவதென்றும், நடுக்கடலில் நடந்ததாயின் அது அந்நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டதென்றும் விளக்கினார்கள். ஏறிய நாடு ஒன்று, கம்பெனியின் நாடு இன்னொன்று, கொடியின் நாடு மூன்றாவது ஒன்று. உலகத்து உல்லாசக் கப்பல்களில் பல பஹாமாஸ், பனாமா போன்ற தேசங்களில் பதிவு செய்யப்பட்டவை. அத்தேசங்களைப் பெரியப்பா கரும்பலகையில் புள்ளியிட்டுக் காட்டியிருப்பார். அவற்றின் பொலிஸ் நிலையத்தை நாம் எங்கே தேடுவது?

விமானம் மாலையில். ஆதலால் கிடைத்த ஒரு படிவத்தை நிரப்பினோம். அதில் நான்கு நிரல்கள் இருந்தன: பொருள், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, தற்போதைய பெறுமதி. கைக்கடிகாரத்துக்கு நிரப்புவது எளிது. படத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. பெரியம்மா சொன்னார்: “சட்டத்துக்கு விலை போடுங்க மனே. படத்துக்கு என்னெண்டு போடுறது?” சட்டத்துக்கு மாத்திரம் விலை எழுதிப் படத்துக்கு ஒரு கோடிட்டோம். பின்னர் வந்த பதிலில் அந்தக் கோட்டையே காரணமாகக் காட்டி, “பெறுமதி அற்றது” என்று குறித்திருந்தார்கள்.

ஊர் திரும்பிய பின்னர் இவ்விஷயத்தைச் சிறிது ஊன்றிப் படித்தோம். மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரித்துரைக்கிறோம். கடல்வழிப் பயணிகளையும் அவர்களுடைய சாமான்களையும் பற்றிச் சர்வதேச உடன்படிக்கை ஒன்று உண்டு. கிரேக்க நாட்டுத் தலைநகரான ஏதென்சில் 1974-இல் செய்யப்பட்டமையால் ஏதென்ஸ் உடன்படிக்கை எனப்படுவது. 2002-இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எல்லாக் கப்பலுக்கும் எல்லா நாட்டுக்கும் இது செல்லாது. கப்பலின் கொடிக்குரிய நாடோ, பயணச்சீட்டு ஒப்பந்தம் செய்யப்பட்ட நாடோ, புறப்படும் அல்லது சேரும் நாடோ அதில் சேர்ந்திருக்கவேண்டும். ஆயினும் அதன் ஏற்பாடுகள் மிகவும் கவனிக்கத்தக்கவை.

இந்த உடன்படிக்கை பயணியின் சாமான்களை இரு வகையாகப் பிரிக்கிறது. பயணி தமது அறையிலோ தமது பொறுப்பிலோ வைத்திருப்பது ஒரு வகை. கப்பற்காரர் கையேற்றுக்கொண்டவை மற்றொரு வகை. அறையில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு பொருள் களவு போனால், கப்பற்காரரின் தவற்றைப் பயணியே நிரூபிக்கவேண்டும். கப்பற்காரர் கையேற்ற பெட்டியானால், தமது பக்கம் தவறில்லை என்பதைக் கப்பற்காரர் நிரூபிக்கவேண்டும். ஆகவே, வாசற்படிக்கு உள்ளே இருந்த பெட்டி வாசற்படிக்கு வெளியே எடுத்துச் செல்லப்பட்டவுடன் வழக்கின் பாரம் முழுவதும் இடம் மாறிவிடுகிறது. ஒரு சாண் அகலமுள்ள அந்த வாசற்படியின் மகிமையை எமக்கு எந்த முகவரும் எடுத்துக் கூறவில்லை.

இழப்பீட்டுக்கு உச்ச வரம்பும் உண்டு. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அறைச் சாமான்களுக்குப் பயணி ஒருவருக்கு 2,250 அலகுகள். கையேற்ற ஏனைய சாமான்களுக்கு 3,375 அலகுகள். இந்த அலகு சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு நாணயமாகும். சிறப்பு எடுப்பனவு உரிமை என்று அதனைக் கூறுவர். ஒரு அலகு ஓர் அமெரிக்க டொலரிலும் சற்றுக் கூடுதலானது. பொன், பணம், ஆபரணம் முதலியவற்றைக் கப்பற்காரரிடம் பாதுகாப்பாக வைக்கும்படி ஒப்படைத்திருந்தாலன்றி அவற்றுக்கு அவர்கள் பொறுப்பாளிகளல்லர். எல்லாவற்றிலும் முக்கியமானது காலக்கெடு. கையேற்ற பெட்டிக்கு ஏற்பட்ட சேதம் கண்ணுக்குத் தெரிவதாயின், அதனைத் திரும்பப் பெறும்போதே எழுத்தில் அறிவிக்கவேண்டும். வெளியே தெரியாத சேதத்தையும் பெட்டியின் இழப்பையும் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால், பெட்டி பழுதில்லாமலே கிடைத்தது என்று கொள்ளப்படும். மறுத்து நிரூபிப்பது பயணியின் தலையில். வழக்குத் தொடுப்பதற்கு இரண்டு ஆண்டு. வாயால் நூறு தடவை சொன்னாலும், எழுத்தில் ஒரு வரி இல்லையேல் பயனில்லை. இசை கேட்டுக்கொண்டு தொலைபேசியில் நின்ற நேரத்தில் ஒரு கடதாசியில் நான்கு வரி எழுதி, அதன் பிரதியில் கையொப்பம் வாங்குவதே பயணிக்குப் பயன்தருவது.

உள்நாட்டில் ஒரு வழி இருக்கிறது. பயணச்சீட்டு விற்ற முகவர் எமது மண்ணில் இருப்பவர். அவர் வழங்கியதும் ஒரு சேவையே. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் விசாரிக்கலாம். எமது முகவர் நல்ல மனிதர். பணம் வாங்கும்போது தேநீர் தந்தார். களவைச் சொன்னபோதும் தேநீர் தந்தார். கப்பற் கம்பெனிக்குத் தாம் தபாற்காரன் மாத்திரமே என்றும் சொன்னார். விற்பனையில் பங்குண்டு, பொறுப்பில் பங்கில்லை என்ற இந்த வியாபார முறை எமக்கு உடன்பாடானதன்று. பயண ஒப்பந்தம் என்பது சிறு எழுத்தில் அச்சிட்ட பல பக்கங்கள். அதில் எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்காடவேண்டும் என்பது முதலாக அனைத்தும் உண்டு. அப்பக்கங்களைத் தமிழில் ஒரு தாளில் சுருக்கிக் கொடுப்பது முகவருக்குப் பெரிய செலவாகாது.

பெரிய விபத்துக்களை உலகம் கவனிக்கிறது. 2013 பெப்ரவரியில் மெக்சிக்கோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ப் என்ற கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றி, நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்சாரமும் மலசலகூட வசதியும் சீராக இல்லாமல் நாட்கணக்கில் கடலில் கிடந்தனர். அப்போது தொலைக்காட்சிகள் முழுவதும் அதுவே செய்தி. கம்பெனியும் கட்டணத்தைத் திருப்பித் தந்து, மேலதிகமாக ஆளுக்கு 500 டொலரும் கொடுத்தது. ஒரு கிழவியின் பெட்டி உடைக்கப்பட்டால் எந்தத் தொலைக்காட்சியும் வராது. ஆதலால், அத்தகைய முறைப்பாட்டைக் கவனிப்பதற்குக் கம்பெனியின் உள்ளேயே ஒரு நேர்மையான மனிதர் இருக்கவேண்டும். எமக்கு வந்த ஐந்து கடிதங்களிலும் ஐந்து வெவ்வேறு பெயர்கள் கையொப்பமிட்டிருந்தன. ஒருவரும் முன்னவர் எழுதியதைப் படித்ததாகத் தெரியவில்லை.

எமது வாவியை எண்ணிப் பார்க்கிறோம். குருமண்வெளித் துறையில் ஏறி மண்டூருக்குக் கடக்கும் ‘பாதை’யைச் சிறுவயது முதல் கண்டவர்கள் நாம். தெப்பம்போன்ற அந்தத் தட்டிலே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நெல் மூடையும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆட்டுக்குட்டியும் ஒருங்கே நிற்கும். ஆவணி மாதத்து மண்டூர் முருகன் திருவிழாவுக்குப் போகும் கூட்டத்தில் அர்ச்சனைத் தட்டு ஒன்று கைமாறிப் போனாலும், மறுகரையில் “இது யாருடையது?” என்று ஒருவர் உரக்கக் கேட்பார். பாதைக்காரர் ஒவ்வொருவரையும் ஊர்ப்பெயர் சொல்லி அழைப்பார். அதற்காகப் பாதையைப் பொற்காலமாக்கிப் பாடவும் நாம் தயாரில்லை. காற்றடித்தால் அது நிற்கும். வெள்ளம் வந்தால் நாட்கணக்கில் நிற்கும். கடக்கமுடியாமல் நோயாளிகள் பட்ட துன்பம் படுவான்கரையாருக்குத்தான் தெரியும். 2014-இல் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டபோது அங்கிருந்த பழைய பாதைக்காக யாரும் கண்ணீர் விடவில்லை.

எனினும், கல்லடிப் பாலத்தடியில் உல்லாசப் பயணிகளை இரவில் ஏற்றிச் செல்லும் தோணிக்காரரிடம் ஒரு நற்குணத்தைக் கண்டிருக்கிறோம். பாடும் மீனைக் கேட்கவேண்டும் என்று வருவோர் பலர். 1848-இல் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி இவ்வோசையைக் கேட்டு, அது ஊரி என்னும் சிப்பியினத்தின் குரலாகலாம் என்று எழுதிவைத்தார். மீன் என்பாரும் சிப்பி என்பாரும் இன்றும் உளர். பூரணையை அண்டிய, காற்று அடங்கிய இரவுகளில், துடுப்பின் ஒரு நுனியை நீருள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பது ஊர் வழக்கு. அமாவாசையில் வந்து கேட்ட ஒரு கொழும்புக் குடும்பத்தாரிடம் தோணிக்காரர் ஒருவர், “இண்டைக்குக் கேக்காது, காசைக் கரியாக்காம பூரணைக்கு வாங்க” என்று சொன்னதை நாமே நின்று கேட்டோம். அன்றைய வருமானத்தை அவர் இழந்தார். அந்தக் குடும்பம் பூரணைக்கு வந்ததா என்பது எமக்குத் தெரியாது. இத்தகைய தோணிக்காரர்களும் பயணிகளுக்கு மிதவைச் சட்டை கொடுத்து, கட்டணத்துக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தால், வாவிப் பயணத்தில் குறைசொல்ல எதுவும் இராது.

கம்பெனியின் ஐந்தாவது கடிதம் கடைசியாக வந்தது. வெள்ளிச் சட்டத்துக்கும் கைக்கடிகாரத்துக்குமாக ஒரு சிறு தொகையும், ஓராண்டுக்குள் மேற்கொள்ளும் அடுத்த பயணத்துக்குக் கட்டணக் கழிவும் தருவதாக அதில் கூறப்பட்டிருந்தது. தொகையைப் பெற்றுக்கொண்டால் மேற்கொண்டு எந்த உரிமையும் கோருவதில்லை என்று கையொப்பமிடவேண்டும். பெரியம்மா கையொப்பமிட மறுத்துவிட்டார். படம் எங்காவது ஒரு குப்பைத் தொட்டியிலோ அலுமாரி மூலையிலோ கிடக்கலாம், தேடிப் பார்க்கும்படி எழுதவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல அடையாளங்களை எழுதினோம்: கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளை வேட்டி, முழுக்கைச் சேர்ட், சட்டைப் பையில் இரண்டு பேனா, பின்னால் ஒரு வேப்பமரம், வலப்பக்க மூலையில் நீர்க்கறை. பதிவுத் தபாலில் அனுப்பி நான்கு கிழமையாகிறது. முகவரைக் குறித்த முறைப்பாடு கெடுவுக்குள் அதிகார சபைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து கோவை இலக்கம் வந்திருக்கிறது.

இதற்கிடையில் கல்முனையில் உள்ள உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு கல்யாணப் படம் அகப்பட்டது. மூன்றாம் வரிசையில், இரண்டு தலைகளுக்கு நடுவே, பெரியப்பாவின் முகம் புளியங்கொட்டை அளவில் தெரிகிறது. நகரத்துப் புகைப்படக்காரர் அதனைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து காட்டினார். மீசை தெளிவாக வந்திருக்கிறது. கண்கள் இன்னும் சரியாக வரவில்லை. அடுத்த கிழமை வேறொரு முறையில் செய்து பார்ப்பதாகச் சொல்லிப் படத்தைக் கொண்டுபோயிருக்கிறார். கொண்டுபோகுமுன் பெரியம்மா அவரிடம் துண்டு எழுதி வாங்கிக்கொண்டார்.